அட்டையில் வைத்த குங்குமம்

எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பழைய இசைத்தட்டின் அட்டை சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. சட்டை போடாத கறுத்த மனிதர் ஒருவர், கழுத்தில் மணிமாலை, நெற்றியிலும் கன்னத்திலும் வெள்ளைக் கோடுகள், ஒரு கையைத் தூக்கி யாரையோ கேள்வி கேட்கிற மாதிரி நிற்கிறார். நெற்றி நடுவே ஒரு குங்குமப் பொட்டு. அது அச்சில் வந்ததில்லை, நான் வைத்தது. இப்போது வெளிறிப்போய்த் துருக்கறை மாதிரி இருக்கிறது. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் எந்த ஊர் சாமியார் என்று கேட்பார்கள். சாமியார் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தால், அந்த அட்டையைக் கொடுத்த பக்கத்து வீட்டு அண்ணாவைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். வந்தவர்களுக்கு அதற்கு நேரம் இருக்காது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் அமெரிக்காவில் இருக்கிற இர்விங்குக்கு வந்தோம். என் வீட்டுக்காரருக்குப் பக்கத்திலேயே லாஸ் கொலினாஸில் கம்ப்யூட்டர் வேலை. ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் இறங்குகிற ஒரு பெரிய அப்பார்ட்மெண்டில் மாடியில் வீடு. நான் பத்தாவது வரை படித்தவள். கார் ஓட்டத் தெரியாது, இங்கிலீஷில் வாய் திறக்கப் பயம். காலையில் குளித்து விளக்கேற்றி முருகனிடம் நாலு வார்த்தை பேசிவிட்டால், அன்றைக்கு நான் பேசியது அவ்வளவுதான் என்று ஆகிவிடும். பக்கத்து வீட்டில் நைஜீரியாக்காரர் ஒருவர் தனியாக இருந்தார். ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராம். இங்கே ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும் வேலை. எங்கள் இரண்டு வீட்டு ஹாலுக்கும் நடுவே ஒரே சுவர், அதுவும் அட்டைச் சுவர். ஞாயிற்றுக்கிழமை மதியமானால் அந்தச் சுவர் அதிரும். முதலில் மேளம், அதன்மேல் கிடார், அதன்மேல் எக்காளம் மாதிரி ஊதுகிற சத்தம், சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து சேரும். வெகுநேரம் கழித்து ஓர் ஆண் குரல் ஒரு வரி சொல்லும். உடனே பெண்கள் கூட்டமாகப் பதில் பாடுவார்கள். அவர் சொல்ல, இவர்கள் சொல்ல, முடிவே இருக்காது. எனக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பஜனையிலும் ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள்.

அந்த வருடப் பொங்கலுக்கு, தாம்பாளத்தில் சர்க்கரைப் பொங்கலும் பழமும் குங்குமமும் வைத்துக்கொண்டு, ஆறு வயது மகளையும் மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு அவர் கதவைத் தட்டினேன். உள்ளே ஸ்பீக்கர் மேல் இந்த அட்டை சாய்த்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி. வெற்று மார்பும், கழுத்து மணியும், முகத்தில் பூசிய வெள்ளையும் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இவர்கள் ஊரிலும் திருநீறு பூசுகிற மகான்கள் இருக்கிறார்கள் போல என்று நெஞ்சு குளிர்ந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கும்பிட்டேன். தட்டிலிருந்து ஒரு துளி குங்குமம் எடுத்து அந்த நெற்றியில் வைத்தேன். யாரையும் கேட்கவில்லை. சாமி படத்துக்குப் பொட்டு வைக்க யாரைக் கேட்பது? அண்ணா பொங்கல் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். என் மகள் அட்டையின் எழுத்தைக் கூட்டிப் படித்துவிட்டு, "அம்மா, ஹி இஸ் ஜஸ்ட் எ சிங்கர்" என்றாள். அப்புறம் அவர் சிரித்தார் பாருங்கள், தட்டை மேஜையில் வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் வெட்கத்தோடு துடைக்கப் போனேன். வேண்டாம், இருக்கட்டும் என்று கையைக் குறுக்கே நீட்டினார். அன்றிலிருந்து நான் அவருக்கு சிஸ்டர், அவர் எனக்கு அண்ணா.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அந்தப் பாட்டுக்காரரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். ஆப்ரோபீட் என்கிற இசையை உண்டாக்கிய பெரிய கை. சந்தையில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கும் லாரி டிரைவருக்கும் புரிகிற மாதிரி உடைந்த இங்கிலீஷில் பாடுவாராம். பாட்டில் ராணுவ ஆட்சியைத் திட்டுவார், திருடுகிற பெரிய மனிதர்களைத் திட்டுவார். ஜெயிலுக்குப் போய் வந்து அந்த ஜெயிலையே பாட்டாக்குவார். பாதிரியாரையும் விடமாட்டார், எந்த மதத்துக்காரரையும் விடமாட்டார். அவர் குடும்ப வாழ்க்கையைப் பற்றிக் கேட்டபோது அண்ணா, "அது வேண்டாம் சிஸ்டர், உனக்குப் பிடிக்காது" என்று பேச்சை மாற்றிவிட்டார். எனக்கு மனசு சங்கடமாகத்தான் இருந்தது. கோவிலைத் திட்டுகிறவனுக்கா பொட்டு வைத்தோம் என்று முருகனிடமே கேட்டேன்.

ஆனால் அந்தச் சத்தம் எதற்கு என்பது தெரிந்தபோது சங்கடம் குறைந்தது. ஒரு ஞாயிறு கதவு திறந்திருந்தது. அண்ணா தரையில் மண்டியிட்டு, டெலிபோன் ரிசீவரை ஸ்பீக்கருக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர்கள் நாட்டு லாகோஸ் நகரில் இருக்கும் தம்பிக்கு அந்தப் பாட்டைப் போனில் அனுப்புகிறார். தம்பி எக்காளம் வாசிப்பவர். ராணுவத்துக்காரர்கள் வீட்டைச் சோதனை போட்டபோது இசைத்தட்டுகளை எல்லாம் உடைத்துப் போட்டுவிட்டு, அவருடைய வலது கை விரல்களையும் உடைத்துவிட்டார்கள். மறுபடி அந்தத் தட்டு வீட்டில் இருப்பதைப் பார்த்தால் ஆளையே விடமாட்டார்கள். அதனால் வாரம் ஒருமுறை போன் வைத்திருக்கும் தெரிந்தவர் வீட்டுக்குப் போய், ரிசீவரைச் சுற்றிச் சனங்கள் உட்கார்ந்து கேட்பார்களாம். சத்தமாக வைத்தால்தான் அங்கே கேட்கும். வெளிநாட்டுக்குப் பேசக் காசு கொடுத்து வாங்குகிற காலிங் கார்டு ஒன்று முழுசாகத் தீர்ந்துபோகும். என் மகள் இங்கே பள்ளிக்கூடத்தில் முதல் முதலாகக் கற்றுக்கொண்டு பாடிய பாட்டை நானும் அப்படித்தான் ரிசீவரை அவள் வாயருகே பிடித்து ஊருக்கு அனுப்பியிருந்தேன். அதனால் எனக்கு அவர் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது வருடம் கோடைகாலத்தில் அந்தப் பாட்டுக்காரர் இறந்துபோனார். செய்தி வந்த அன்று சாயங்காலம் அண்ணாவின் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் வேலை உடுப்போடேயே வந்து, அழுதுகொண்டும் ஆடிக்கொண்டும் பாட்டைக் கேட்டார்கள். யாரோ அப்பார்ட்மெண்ட் ஆபீஸில் புகார் கொடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே அவர்மேல் புகார்கள் இருந்தன. மறுநாள் மேனேஜர் அம்மா வந்து, இன்னொரு தடவை சத்தம் வந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அவரிடம் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை லாகோஸில் எல்லாரும் கூடப்போகிறார்கள், பாட்டுக்காரரின் மிக நீளமான பாட்டைக் கடைசிவரை போடுவதாக அண்ணா தம்பிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த அம்மா அடுத்து எங்கள் கதவைத்தான் தட்டினார். ஒரே சுவர் எங்களுக்குத்தானே, தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்னைச் சமையலறைப் பக்கம் இழுத்து, "நமக்கு எதுக்குடி வம்பு? க்ரீன் கார்டு ஃபைல் பண்ணியிருக்கு. ஆமா, சத்தம் தொந்தரவாத்தான் இருக்குன்னு சொல்லிட்டு விட்டுரலாம்" என்றார். கெட்ட எண்ணமில்லை. அந்த நாட்களில் போலீஸ் கார் பின்னால் வந்தாலே அவருக்கு விசா ஞாபகம் வந்து வியர்க்கும். ஆனால் அந்த அம்மாவின் கழுத்தில் சின்ன சிலுவை தொங்கியதை நான் பார்த்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டி, என் பூஜை அலமாரியைக் காட்டி, "சண்டே ஹிஸ் ப்ரேயர். சேம் லைக் மை காட்" என்று சொன்னேன். அந்த அம்மா முகம் மாறியது. பிரார்த்தனை என்றால் சரி, ஞாயிறு மதியம் மட்டும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் என்னைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

பாயசம் வைத்து எடுத்துக்கொண்டு அண்ணாவிடம் ஓடினேன். அவர் முழுவதும் கேட்டார். கரண்டியைக் கீழே வைத்தார். பேசியது இங்கிலீஷில்தான், ஆனால் என் மனசில் தமிழில்தான் பதிந்திருக்கிறது.

"நீ எனக்காகச் சொன்னே, சிஸ்டர். அது எனக்குத் தெரியும். ஆனா இவரைச் சாமியாக்கிட்டா அப்புறம் இவர் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க. இது பிரார்த்தனை இல்லை. சண்டை."

வீடு போய்விடுமே என்றேன். தம்பி கை ஒடிந்தது சாமி கும்பிட்டதற்காக இல்லை என்றார். மறுநாள் காலை டை கட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனார். இது எங்கள் ஆட்சியாளர்களைத் திட்டுகிற பாட்டு, பிரார்த்தனை இல்லை, அந்தப் பெண் என்மேல் உள்ள அன்பால் சொன்னாள் என்று சொல்லிவிட்டார். மேனேஜர் அம்மா, உண்மையைச் சொன்னதற்கு நன்றி, அப்படியானால் அது வெறும் சத்தம்தான், வீட்டுக்குள் போடக்கூடாது என்றாராம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் சாப்பிடாமல் வைத்த பாயசம் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்ததைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டினேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப்போகும் அந்தச் சனங்களை நினைத்தால் மட்டும் விளக்கின் முன்னால் உட்கார முடியவில்லை.

சனிக்கிழமை, மறுநாள் பஜனைக்குக் கோலப்பொடி தேடும்போதுதான் தோன்றியது. குடியிருப்பின் பொதுக்கூடமான கிளப் ஹவுஸை ஞாயிறு மதியம், அந்த வருடம் நான் சேர்ந்திருந்த பஜனைக் குழுவுக்குத்தான் ஒதுக்கியிருந்தார்கள். மிருதங்கமும் ஜால்ராவும் அங்கே போடுகிற சத்தத்துக்கு யாரும் எதுவும் சொன்னதில்லை. சுவரில் ஒரு போனும் இருந்தது. குழுவை நடத்தியவர் சென்னை மாமி ஒருவர், நல்லவர், நாக்கு மட்டும் கொஞ்சம் காரம். பஜனை முடிந்ததும் ஒரு பாட்டு போடலாமா என்று கேட்டேன்.

"யாரு, ஒங்காத்துக்கு அடுத்தாத்துல வாராவாரம் கல்யாண பேண்டு வாசிக்கறாரே அவரா? அந்த சாமியார் பாட்டா?" என்றார் மாமி. என் பொங்கல் கதை எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். என் வாய் வரை வந்தது. "சாமியார் இல்ல மாமி. சாமியாரையும் திட்டினவர்தான். ராணுவத்துக்காரன் சனங்களை அடிச்சதை அவன் காது கேக்கப் பாடினவர். அதைக் கேட்டதுக்குத்தான் அண்ணாவோட தம்பி கையை ஒடிச்சிருக்காங்க. இப்ப அவர் செத்துட்டார்" என்றேன். சுவாமி படங்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் போடச் சொல்லு என்றார் மாமி. எத்தனை பாட்டு என்று கேட்டார். ஒரே பாட்டுதான் என்றேன்.

ஞாயிறு அன்று அந்த இசைத்தட்டுப் பெட்டியையும் ஸ்பீக்கரையும் மகளின் பழைய தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? என் வீட்டுக்காரர். க்ரீன் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழியில் பெட்டி சாயாமல் இருக்க அண்ணா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார். மங்களம் பாடி முடித்து, படங்களை உள்ளே வைத்து, சுண்டல் கிண்ணத்தோடு எல்லாரும் உட்கார்ந்தோம். அண்ணா போன் போட்டு ரிசீவரை ஸ்பீக்கரிடம் கொண்டுபோனார், ரிசீவர் ஒயர் கொஞ்சம்தான் எட்டியது, வீட்டுக்காரர் ஸ்பீக்கரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பாட்டு தொடங்கியது. மேளம், கிடார், எக்காளம். சுண்டல் தீர்ந்தது. மாமி என் பக்கம் சாய்ந்து, "ஏண்டி, இவர் எப்போ பாட ஆரம்பிப்பார்?" என்றார். இன்னும் கொஞ்ச நேரத்துக்கெல்லாம், "ஒரு பாட்டுன்னியே" என்றார். ஆனால் எழுந்து போகவில்லை. பாட்டுக்காரர் கடைசியில் ஒரு வரி எடுத்துக் கொடுத்துக் கூட்டம் பதில் சொன்னபோது, மாமியின் கை தானாகத் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. பழகின கை அல்லவா.

தட்டு முடிந்து ஊசி கரகரத்தது. அண்ணா ரிசீவரைக் காதில் வைத்தார். என்னைக் கூப்பிட்டு என் காதில் வைத்தார். அந்தக் கோடியில் அவர்கள் இன்னும் நிறுத்தவில்லை. பாட்டுக்காரரின் வரியை யாரோ ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பதில் பாடிக்கொண்டிருந்தார்கள். எடுத்துக் கொடுப்பது தம்பி என்று அண்ணா சொன்னார். கை போனபின் அவன் பாடியே நான் கேட்டதில்லை என்றார். கார்டு தீர்ந்து லைன் அறுந்துபோகிற வரை நானும் அவரும் மாற்றி மாற்றிக் கேட்டோம்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் பஜனை முடிந்ததும் அந்தப் பாட்டு இருந்தது. இரண்டு வருடம் கழித்து அவர்கள் ஊரில் ராணுவ ஆட்சி போய், ஓட்டுப் போட்ட ஆட்சி வந்தது. எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டேன். திருடர்கள் சட்டை மாற்றியிருக்கிறார்கள், ஆனால் பாட்டைச் சத்தமாகப் போடலாம் என்று சிரித்தார். தம்பியிடமே போகிறேன் என்று சாமான்களை எல்லாம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். தட்டை எடுத்துக்கொண்டு அட்டையை என்னிடம் கொடுத்தார். "பூஜை ரூம்ல மட்டும் வெக்காதே, சிஸ்டர்" என்றார். பொட்டு அப்படியே இருந்தது. அத்தனை வருடம் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், அவர் அதைத் துடைக்கவில்லை.

இப்போது எங்களுக்குச் சொந்த வீடு, தனியாகப் பூஜை அறை. என் மகள் வளர்ந்து, இந்தப் பாட்டுக்காரரைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசுகிறாள். அவர் வீட்டுப் பெண்களிடம் நடந்துகொண்ட விதத்தைப் படித்துவிட்டு, "அம்மா, ஹி வாஸ் நோ செயிண்ட்" என்றாள். அண்ணாவும் அதைத்தானே சொன்னார் என்றேன். வெள்ளிக்கிழமை கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கப் படம் படமாகக் காட்டிக்கொண்டு வருவேன். ஹாலுக்கு வந்ததும் கை பழக்கத்தில் அந்த அட்டைப் பக்கம் போகும். தூக்கின கையோடு அவர் அங்கே கேட்டுக்கொண்டே நிற்கிறார். நான் தட்டைத் தாழ்த்திக்கொண்டு, கும்பிடாமல், அவரைத் தாண்டிப் போகிறேன்.