தேநீர்க் கடைக்கு மேல் மேய்ந்த கடற்பசுக்கள்

காலை 6.20. மன்னார் பஸ் நிலையத்தில் சிலாவத்துறை பஸ்ஸில் ஏறினேன். கட்டணம் நூற்றைம்பது ரூபாய். யாழ்ப்பாணத்திலிருந்து முதல் நாளே வந்து தங்கியிருந்தேன். கடற்பசுக்களைக் காக்கும் கரையோரக் குழுவுக்குத் தரவுகளைக் கையாளக் கற்றுக்கொடுப்பது என் வேலை. கடலடியில் வைக்கும் வலைக்கு எங்கே தடை போடுவது என்று மறுநாள் மன்னாரில் அதிகாரிகள் தீர்மானிக்க இருந்தார்கள். எங்கள் வரைபடம் பிழையாக இருந்தால் கடற்பசுக்கள் தொடர்ந்து வலையில் மூச்சுத்திணறிச் சாகும். கரையோரம் தொழில் செய்யும் சின்ன வள்ளக்காரரின் பிழைப்பும் வீணாகப் பறிபோகும்.

பக்கத்தில் இருந்தவர் கொண்டச்சி ஊர் விவசாயி. என் வேலையைக் கேட்டறிந்ததும், கடலில் மாடு எண்ணவும் சம்பளம் கொடுக்கிறார்களா என்றார். தன் தோட்டத்துக்குள் வரும் யானைகளையும் அப்படியே எண்ணித் தரச் சொன்னார்.

9.30. சிலாவத்துறை மீனவர் சங்கக் கட்டடம். குழுவில் ஆறு பேர். தலைவி நஸ்ரியா, புத்தளத்தில் வளர்ந்து ஊர் திரும்பியவர். கடற்பசுவைக் கண்ட மீனவர்கள் கைப்பேசிப் படிவத்தில் பதிந்ததையெல்லாம் வரைபடமாக்கிச் சுவரில் காட்டினேன். சிவப்புப் புள்ளிகள் கரையை ஒட்டிக் குவிந்து கிடந்தன. கரையோரத்தைத்தான் மூட வேண்டும் என்று பெருமையாகச் சொன்னேன். கடைசிக் கதிரையில் இருந்த மீனவர் முத்தலிப் படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினேன். புள்ளிகள் நிலத்தில், ஒரு கூரையின் மேல் நின்றன.

"சேர், அது எங்கட ஜவாத்தின்ர தேத்தண்ணிக் கடை. கடற்பசு அங்க பிளேன்ரீ குடிக்க வாறதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. யார் இப்படிப் பதிந்தது என்று கத்தினேன். நஸ்ரியா நிதானமாக விளக்கினார்.

"போனைப் பொலித்தீனில சுத்திக் கட்டித்தான் கடலுக்குக் கொண்டுபோறவங்க. ஈரக் கையால அவிழ்க்க ஏலுமா? கரைக்கு வந்து, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டுதான் பதியிறாங்க."

பதியும் நேரத்தில் கைப்பேசி எங்கே இருக்கிறதோ, அந்த இடத்தைத்தான் படிவம் எடுத்துக்கொள்ளும். எங்கே கண்டீர்கள் என்று அது கேட்பதே இல்லை. அந்த மடத்தனமான படிவத்தைச் செய்தவன் நான்தான். அதையும் அங்கேயே சொன்னேன்.

கண்ட இடமெல்லாம் நினைவிருக்கிறதா என்று முத்தலிப்பைக் கேட்டேன். அவருக்குக் கோபம்.

"இடம் மறந்தா வைச்ச வலைய எப்பிடிச் சேர் திரும்ப எடுக்கிறது?"

கரையில் இரண்டு அடையாளங்கள் நேர்கோட்டில் வரவேண்டும். வேறொரு பக்கம் இன்னும் இரண்டு. அந்த இரு கோடுகளும் சந்திக்கும் இடம்தான் அவர்களுடைய முகவரி. அல்லிராணிக் கோட்டைச் சுவரும் தொலைபேசிக் கோபுரமும், பள்ளிவாசல் மினாராவும் தண்ணீர்த் தாங்கியும் என்று அவர் சொல்லச் சொல்ல, நஸ்ரியா கடல் வரைபடத் தாளில் அடிமட்டம் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்தார். மற்ற மீனவர்களையும் கூப்பிட்டுக் கேட்டோம். மதியத்துக்குள் கோடுகளெல்லாம் ஆழத்தில், கரையோரத்துக்கு வெகு வெளியே, ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டன. நஸ்ரியா அதைப் பென்சிலால் வட்டமிட்டு, கைப்பேசியிலும் குறித்துக்கொண்டார்.

1.15. முத்தலிப்பின் வள்ளத்தில் புறப்பட்டோம். கோட்டைச் சுவரும் கோபுரமும் ஒரே கோட்டில் வந்ததும், மறுபக்கம் மினாராவையும் தண்ணீர்த் தாங்கியையும் பார்த்துவிட்டு இயந்திரத்தை நிறுத்தினார். நஸ்ரியாவின் கைப்பேசி நாங்கள் பென்சில் வட்டத்துக்குள் நிற்பதாகக் காட்டியது. நங்கூரத்தை இறக்கி இழுத்துப் பார்த்தபோது கடற்புல் கொத்தாக வந்தது. சிறிது நேரத்தில், இருபது அடி தள்ளி, சாம்பல் நிற மூக்கு ஒன்று மேலே வந்து மூச்சு விட்டது. இவ்வளவு காலம் இந்த வேலையில் இருந்தும் உயிரோடு ஒரு கடற்பசுவை அன்றுதான் கண்டேன். வெட்கம் இல்லாமல் அழுதேன்.

அங்கே வலை வைக்கிறவர்களில் முத்தலிப்பின் மச்சானும் ஒருவர். அவரோடு பேசுவது தன் பொறுப்பு என்றார் முத்தலிப்.

மறுநாள் 10.30. மன்னார்க் கூட்டத்தில் நஸ்ரியாதான் பேசினார். நான் பின்னால் இருந்தேன். பென்சில் கோட்டை எப்படி நம்புவது என்று ஓர் அதிகாரி கேட்டார்.

"நேற்று நாங்க போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தனாங்க. சந்தேகம் எண்டா இண்டைக்கே வள்ளம் ரெடி, வாங்கோ."

அவர் வரவில்லை. திட்டத்தில் இருந்த கரையோரத் தடையை நீக்கிவிட்டார்கள். கடற்புல் படுகையை வலைக்கு மூடுவதென்று அங்கேயே முடிவானது. எங்களோடு வந்திருந்த முத்தலிப் எழுந்து நின்று கைதட்டினார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தில் நான் வேலை செய்யும் கந்தோரின் சுவரில் வேறு ஊர்களின் கடல் வரைபடங்கள் ஏழு தொங்குகின்றன. எல்லாம் இதே படிவத்தால் செய்தவை. ஏழையும் கழற்றி அந்தந்த ஊருக்குக் கொண்டுபோகப் போகிறேன். கடலுக்குப் போகிறவர்கள் பார்த்துச் சிரித்து முடிக்கும்வரை ஒன்றையும் திரும்ப மாட்டமாட்டேன்.