குறை சொல்லும் வகுப்பு

நெதர்லாந்தில் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்த புதிதில், வகுப்பு முடிந்ததும் ஒருத்தி என்னிடம் வந்து, "இன்றைக்குச் சலிப்பாக இருந்தது" என்று சொல்லிக் கைகுலுக்கிவிட்டுப் போனாள். கோபமில்லையாம், உதவியாம்! எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே ஒருவர் பாடம் நடத்திக் காட்டினால் மற்றவர்கள் முகத்துக்கு நேரே பிரித்து மேய்வார்கள்; பிறகு சேர்ந்து காப்பி குடிக்கப் போவார்கள். வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்குத் தெரியும், எதுவும் பழகிவிடும். நானும் பழகிவிட்டேன். அதுதான் வினை.

போன விடுமுறையில் இலங்கைக்கு, ஊருக்கு வந்தபோது, ருவான்வெல்லைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிகளின் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி தரச் சொன்னார்கள். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்து என்னோடு படித்த செல்வியும் வந்திருந்தாள். தற்காலிக ஆசிரியை; நிரந்தர நியமனத்துக்கு வருஷக்கணக்காகக் காத்திருக்கிறாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்தினாள். முழுக்க அவளேதான் பேசினாள், பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. "என்ன குறை, சொல்லுங்க" என்று மற்றவர்களைக் கேட்டேன்.

"நல்லா இருந்திச்சிங்க மிஸ்." எல்லோரும் ஒரே குரலில்.

எனக்கு வந்ததே எரிச்சல்! செல்வியின் பிழைகளை நானே ஒவ்வொன்றாக அடுக்கினேன். பின்னால் உட்கார்ந்திருந்த கல்விக் காரியாலய அதிகாரி, சரிதான் என்று சிங்களத்தில் சொல்லித் தலையாட்டினார். "ஹரி, ஹரி. இவங்களுக்கு நியமனம் குடுக்கலாமான்னு எனக்கும் சந்தேகம் இருந்திச்சி" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. நான் சின்னவளாக இருந்தபோது, ரப்பர் மரத்தில் ஆழமாக வெட்டிக் காயம் வைத்தது யாரென்று தோட்டத்து நிர்வாகி துரை கேட்டார். அப்பாவோடு பால் வெட்டிய அத்தனை பேரும் வாய் திறக்காமல் நின்றார்கள். வெட்டியது அப்பாதான். அன்றைக்கு ஒருவர் பேசியிருந்தால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது.

அதிகாரியிடம் ஓடினேன். "பயிற்சின்னா இப்படித்தான் சேர் பேசுவோம். செல்வி கெட்டிக்காரி."

"வெளிநாட்டுல படிச்ச நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மிஸ்" என்று சிரித்தார்.

செல்வியின் முகம் வெளுத்திருந்தது. "தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமேடி. அந்தாளு முன்னாடியா?"

அந்தப் பிள்ளைகள் வாய் திறக்க வேண்டாமா என்ற கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அதை இப்போது எந்த வாயால் சொல்வது?

தேநீர் வந்தது. ஆசிரியர்களுக்குக் கிளாஸில் பிளேன்டீ. அதிகாரிக்கும் எனக்கும் மட்டும் சாஸர் வைத்த கோப்பையில் பால் தேநீர். எடுத்துக்கொண்டு செல்வியின் வாங்குக்குப் போனேன். அவள் நகர்ந்து இடம் விடவில்லை. பக்கத்திலிருந்தவள்தான் மரியாதையாக எழுந்து நின்றாள்.

"நீங்க சேரோட மேசையில உக்காருங்க மிஸ்."

மேசைக்கும் வாங்குக்கும் நடுவில், தேநீர் ஆறும்வரை நின்றுகொண்டே இருந்தேன்.