நாயில்லாத கயிறு

ஒரு பெண் தெருவில் நாய்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தால் யாருக்கு என்ன வந்தது? ஒன்றுமில்லை. அதே கயிற்றின் மறுமுனையில் நாயே இல்லாமல் நடந்து பாருங்கள், தெரு முழுக்கப் பேச ஒரு விஷயம் கிடைத்துவிடும். பிரேக் டீச்சரின் கதை அப்படித்தான் ஆனது.

பிரேக் டீச்சர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தம் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கின்மேல் வலது காலை வைத்தபடியே பாதி ஆயுசை ஓட்டிவிட்டார். அந்தக் கால் வேலை முடிந்த பிறகும் சும்மா இருக்காது. பேருந்தில் போனால் தரையை அழுத்தும். மகளின் காரில் போனால் அழுத்தும். டிவியில் எவனாவது வேகமாக ஓட்டினால் சோபாவில் உட்கார்ந்தபடி அழுத்தும். "நம்ம வீடு எங்கயும் போகல, காலை எடு" என்று கணவர் கேலி செய்வார். கடைசியில் அவர் படுத்த படுக்கையாகி, டீச்சர் வகுப்புக்கும் வீட்டுக்கும் ஓடி ஓடிப் பார்த்து, கணவர் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு வீட்டில் எந்தச் சாமானும் வைத்த இடத்தை விட்டு நகரவில்லை. அந்த ஒழுங்கைப் பார்க்கப் பார்க்க டீச்சருக்கு எரிச்சலாக வந்தது.

அவரிடம் ஒரு நாய் டாக்டர் கார் கற்றுக்கொண்டிருந்தார். கடிக்க வருகிற நாயின் வாய்க்குள் தைரியமாகக் கைவிடுகிற மனுஷன், எதிரே லாரி வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஒருநாள் வகுப்பு அவருடைய ஆஸ்பத்திரி வாசலில் முடிந்தது. தண்ணீர் குடிக்க உள்ளே போன டீச்சர், பின்னறையில் ஒரு பழுப்பு நாயைப் பார்த்தார். யாரோ கேட்டில் கட்டிவிட்டுப் போய்விட்டார்களாம். ஒரு காது கிழிந்திருந்தது. வயதும் கொஞ்சம் ஆகியிருந்தது. யார் கை நீட்டினாலும் பின்பக்கமாகவே நடந்து சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

"அட, இதுக்கு ரிவர்ஸ் மட்டுந்தான் தெரியுமா?" என்றார் டீச்சர். அன்றிலிருந்து அதன் பெயரே ரிவர்ஸ் ஆகிவிட்டது. அவர் கை நீட்டவில்லை, ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீரைக் குடித்தார். அவ்வளவுதான். ரிவர்ஸ் மெல்ல வந்து அவருடைய வலது செருப்பை முகர்ந்துவிட்டு, பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்துவிட்டது. பாதி ஆயுசாகச் சும்மா இருக்காத கால், அசையாமல் கிடந்தது.

டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். ஆஸ்பத்திரியை இடித்துக் கட்டப் போகிறார்கள். அதற்குள் யாரும் எடுத்துக்கொள்ளாவிட்டால் ரிவர்ஸை ஊருக்கு வெளியே இருக்கிற காப்பகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். அங்கே கூண்டு கூண்டாக இளம் நாய்கள் வாலாட்டிக்கொண்டு நிற்கும்போது, கிழிந்த காதோடு மூலையில் நிற்கிற இதை எவன் கேட்கப் போகிறான்? ஆனாலும் அவர் நல்ல மனுஷன், தலையில் கட்டப் பார்க்கவில்லை.

"பாவம்னு மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க டீச்சர்" என்றார். "உங்க வாழ்க்கைக்கு ஒத்து வருமான்னு நல்லா யோசிங்க. நடுவுல திருப்பிக் கொண்டுவந்து விட்டா, இது இன்னொரு தடவ தாங்காது."

யோசிக்க விட்டார்களா? டீச்சரின் அக்காவுக்கு விஷயம் எட்டியதும் போனிலேயே ஒப்பாரி வைத்துவிட்டார். படுத்துக் கிடந்த ஒருத்தருக்கு எடுத்துப்போட்டது போதாதா, இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடுகிறாய், மறுபடி எதற்கு இழுத்துவிட்டுக்கொள்கிறாய் என்று. மகள் முழங்கால் வலியை எடுத்தாள், இரண்டாவது மாடியை எடுத்தாள், முடி கொட்டும் என்றாள். மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. செல்போனில் ஒன்றை அனுப்பிவைத்தார், உங்கள் வாழ்க்கைமுறைக்கு நாய் ஒத்துவருமா என்று கேள்வி கேட்டு மதிப்பெண் போடுகிற சமாச்சாரம். டீச்சர் உண்மையான பதிலையே போட்டார். தனியாகத்தான் இருக்கிறேன், நாள் முழுக்க வேலைக்குப் போகிறேன், வீட்டுக்குத் தோட்டம் கிடையாது. உங்களுக்கு மீன்தொட்டிதான் பொருத்தம் என்று அது தீர்ப்புச் சொன்னது.

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எத்தனை பேருக்குக் கார் ஓட்டத் தகுதி உண்டா இல்லையா என்று சொல்லியிருக்கிறார் அவர்! எவரிடமாவது கேள்வித்தாள் நீட்டியா கண்டுபிடித்தார்? அவருடைய பாடத்தில் முதல் நாள் சாவியே கிடையாது. நின்ற வண்டியில் உட்காரவைத்து, கிளட்சை மிதி, கியரை மாற்று, கண்ணாடியைப் பார் என்று வெறும் வண்டியிலேயே பிழிந்து எடுத்துவிடுவார். பண்ணுகிற தப்பையெல்லாம் ஓடாத வண்டியில் பண்ணித் தீர்த்துவிடு என்பார். அதே பாடத்தைத் தனக்கு நடத்திக்கொள்வது என்று முடிவு செய்தார்.

அன்று மாலையே கழுத்துப்பட்டையோடு ஒரு கயிறு வாங்கினார். மறுநாள் விடியற்காலை அதைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். நாய் இல்லை, நாய் மாதிரி எதுவும் இல்லை. வெறும் கயிறு. மரத்தடியில் நின்றார், விளக்குக் கம்பத்தடியில் நின்றார், குப்பைத்தொட்டியிடம் கொஞ்சம் கூடுதலாகவே நின்றார். கீழ்வீட்டுத் தையல்காரர் கடையைத் திறந்தபடி எட்டிப் பார்த்தார்.

"நாய் எங்க டீச்சர்?"

"அது இன்னும் வரல. நான் வந்துட்டேன்."

தையல்காரருக்கு அது போதும். அன்றாடம் நாய் சாப்பிட்டதா, நாய்க்கு ஜலதோஷம் சரியாயிற்றா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். எதிர்வீட்டுக்காரி ஒரு படி மேலே போய், புருஷன் போன துக்கத்தில் டீச்சருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மகளுக்கே போன் போட்டுவிட்டாள். மகள் பதறிப்போய்க் கேட்டாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகப்போவதைத்தான் ஒத்திகை பார்க்கிறேன் என்று டீச்சர் போனை வைத்தார். மழை கொட்டிய அன்றும் குடையும் கயிறுமாக இறங்கினார். அன்று தையல்காரர்கூடச் சிரிக்கவில்லை.

ஒத்திகையில் தப்பு வராமலா போகும்? வந்தது, நெஞ்சை உலுக்குகிற மாதிரி வந்தது. முனை திரும்புகையில் ஒரு ஸ்கூட்டர் உரசுகிற மாதிரி பாய்ந்து போனது. டீச்சரின் வலது கால் படாரென்று தரையை அழுத்தியது. கயிறு பிடித்த கையோ தொங்கியபடியே இருந்தது. மறுமுனையில் ரிவர்ஸ் இருந்திருந்தால் சக்கரத்துக்கு அடியில் போயிருக்கும். டீச்சர் வீட்டுக்குத் திரும்பி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி இறங்கி அதே முனையில் போய் நின்றார். ஒவ்வொரு வண்டி வரும்போதும் கையை இழு, காலை விடு, கையை இழு, காலை விடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பழகினார். பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டார்.

இரண்டாவது தப்பு மத்தியான வேளை. அந்த நேரத்தில் ஒருநாள்கூட அவரால் வீட்டுக்கு வந்து கயிற்றை எடுக்க முடியவில்லை. வகுப்புமேல் வகுப்பு. நாய் இருந்திருந்தால் பூட்டிய கதவுக்குப் பின்னால் அடக்கிக்கொண்டு கிடந்திருக்கும். இதை டீச்சர் பூசி மெழுகவில்லை. நேரே பயிற்சிப் பள்ளி முதலாளியிடம் போனார். மத்தியான வகுப்பை இனிமேல் தன்னால் எடுக்க முடியாது என்றார். ஒரு நாய்க்காகவா என்று முதலாளி சிரித்தார்.

"வீட்டுக்காரர் படுத்திருந்தப்போ மத்தியானம் விடுங்கன்னு கேட்டேன். ஆள் இல்லன்னீங்க. நானும் பக்கத்து வீட்டுல சாவியக் குடுத்துட்டு ஓடிவந்தேன்" என்றார் டீச்சர். "அன்னிக்குக் கேட்டேன். இன்னிக்குச் சொல்றேன்."

முதலாளியின் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் டீச்சர்தான் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன. சரி என்றார்.

படியிறங்கும்போதுதான் டீச்சருக்கு ஒன்று உறைத்தது. என் வாழ்க்கைக்கு நாய் ஒத்துவருமா என்று ஆளாளுக்குக் கேட்டார்களே, அந்த வாழ்க்கையை யார் எனக்கு எழுதிவைத்தது? முதலாளி வைத்த நேரம், நோய் வைத்த நேரம், பிள்ளை வளர்த்த நேரம். கொஞ்சம் தள்ளி வைத்தால் தள்ளிப் போகிறதே.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். சுற்றி வளைத்துப் பேசினாள், முடியையும் மாடியையும் மறுபடி இழுத்தாள். டீச்சர் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். கடைசியில் மகள் அழமாட்டாத குறையாக உண்மையைக் கக்கினாள்.

"எனக்கு வேற ஊருக்கு மாத்தலாகப் போகுதும்மா. குழந்தையப் பாத்துக்க நீ வந்துடுவன்னு நாங்க முடிவு பண்ணிட்டோம். நாய் இருந்தா நீ எப்படி வந்து இருப்ப?"

டீச்சருக்குப் பேத்தியின் முகம் நினைவுக்கு வந்தது. முன்பென்றால் இந்த இடத்தில்தான் விட்டுக்கொடுத்திருப்பார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதற்காகவே காத்திருந்தாள்.

"முடிவு பண்ணிட்டோம்னு சொன்னியே, அந்தப் பேச்சுல நான் எங்க இருந்தேன்?" என்றார். "வருவேன். நாயோட வருவேன், லீவுக்கு வருவேன், புள்ளைக்கு முடியலன்னா ஓடி வருவேன். வந்து உன் வீட்டுலயே இருக்க மாட்டேன். இப்ப என்னை நாய் ஆஸ்பத்திரியில கொண்டு விடுறியா, நான் பஸ்ல போகட்டுமா?"

மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் காரை எடுத்தாள். முன்னிருக்கையில் டீச்சரின் கால் வழக்கம்போலத் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. மகளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான், ஆனாலும் ஒருநாள்கூட அவள் ஓட்டுகையில் அந்தக் கால் நம்பி இருந்ததில்லை. அது மகளுக்கு நெடுநாள் மனத்தாங்கல்.

டாக்டர் கழுத்துப்பட்டையை மாட்டிவிட்டார். ரிவர்ஸ் வாசலில் இரண்டடி பின்னால் போனது, பிறகு டீச்சரின் செருப்பை முகர்ந்து முன்னால் வந்தது. ரோட்டைத் தொடும்போது ஒரு சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டு குறுக்கே வர, நாய் மிரண்டு பாய்ந்தது. டீச்சரின் கை சட்டென்று கயிற்றைச் சுருட்டி இழுத்து நிறுத்தியது. கால் இருந்த இடத்தில் இருந்தது. மகள் அதைப் பார்த்தாள். பின்கதவைத் திறந்துவிட்டாள்.

டீச்சர் முன்னால் உட்காரவில்லை. ரிவர்ஸோடு பின்னிருக்கையில் ஏறிக்கொண்டார். அது கீழே இறங்கிப் படுத்து, அவருடைய வலது பாதத்தின்மேல் தாடையை வைத்துக்கொண்டது. பாதி வழியில் முன்னால் போன வேன் திடீரென்று நிற்க, மகள் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். வழக்கம்போல ஒரு கால் தரையை உதைக்கும் சத்தத்துக்குக் காத்திருந்து, வராமல் போகவே கண்ணாடியில் பார்த்தாள். அம்மா குனிந்து நாயின் கிழிந்த காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீ ரோட்டப் பாக்கவே இல்ல."

"நீதான ஓட்டுற" என்றார் டீச்சர், நிமிராமலே. "நீ பாத்துக்க."