ஜன்னலோரத்து நொட்டாங்கைக்காரி

நொட்டாங்கை என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரும் தையல்காரம்மாவின் மகளைத்தான் காட்டுவார்கள். இன்றைக்கு அவள் பெண்கள் கல்லூரியில் கலை வரலாறு நடத்துகிற ஆசிரியை. இருந்தால் என்ன, தெருவுக்கு அவள் நொட்டாங்கைதான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில் அம்மா அந்தக் கையைத் துணியால் சுற்றிக் கட்டி, வலது கையில் பென்சிலைத் திணித்துப் பார்த்தாள். ஊஹூம். கட்டை அவிழ்த்த மறுநிமிஷம் பென்சில் பழைய கைக்கே வந்துவிடும். கடையில் ஒத்தாசைக்குக் கூப்பிட்டாலும் இதே பாடுதான். அம்மாவின் கத்தரிக்கோல் இடது கையில் ஏறினால் துணியை வெட்டாது, மெல்லும். உனக்கும் இதற்கும் ஏழாம் பொருத்தம் என்று அம்மா பிடுங்கிக்கொள்வாள்.

அப்படிப்பட்டவள் கலை வரலாறு படிக்கப்போகிறேன் என்றதும் தாய்மாமன் விழுந்து விழுந்து சிரித்தார். படம் பார்க்க டிக்கெட் வாங்கினால் போதாதா, அதற்கு மூணு வருஷம் கல்லூரிக்கு வேறு போகணுமா என்று கேட்டார். அம்மாவுக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் மகள் பிடித்த பிடியை விடுகிற ரகமில்லை. கல்லூரியைச் சுற்றிப் பார்க்கப் போன அன்றே, இருட்டாக்கிய வகுப்பறையின் திரையில் ஒரு ஓவியத்தைப் பார்த்துவிட்டாளே! ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பெண் தைக்கிறாள். ஊசி இடது கையில். அந்தக் கையை யாரும் கட்டவில்லை, யாரும் அதட்டவில்லை. அவள் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருக்கிறாள். இவள் அந்தத் திரையை விட்டு நகரவே இல்லை.

துறைத்தலைவியைப் பெரிய மேடம் என்பார்கள் மாணவிகள். அந்த ஓவியம் இருப்பது கடல் கடந்து எங்கோ ஒரு அருங்காட்சியகத்தில். மேடம் இளவயதில் அங்கே போய்த் தன் கேமராவில் எடுத்துவந்த ஸ்லைடுதான், சின்னச் சட்டத்தில் மாட்டிய பிலிம் துண்டுதான், துறையில் உள்ள ஒரே பிரதி. ஊரே வலது கையால் தைக்கும்போது இடது கையைத் துணிந்து வரைந்தவர் இந்த ஓவியர் என்று வருஷா வருஷம் உருகி உருகிப் பாடம் எடுப்பார். கடைசி வருஷ ஆய்வுரைக்கு நம்ம ஆள் வேறு எதை எடுப்பாள்? அதே ஓவியம், தலைப்பு ‘இடதுகைக்காரி’. நன்றாகப் பேசுகிற ஒருத்தியைத்தான் மேடம் மேற்படிப்புக்குச் சிபாரிசு செய்வார். இந்த வருஷம் அது நீதான் என்று ஜாடைமாடையாகச் சொல்லியும் விட்டார்.

ஆய்வுரைக்கு முந்தின நாள் ஸ்லைடு அறையில், விளக்குப் பெட்டியின் மேல் படத்தை வைத்துப் பூதக்கண்ணாடியோடு குனிந்தாள். படத்தில் அந்தப் பெண்ணின் மேசைமேல் ஒரு கத்தரிக்கோல் நுனியை மேலே நீட்டி விரிந்து கிடந்தது. சாதாரணக் கத்தரிக்கோலில் எப்படித் திருப்பிப் போட்டாலும் வலப்பக்கத்து அலகுதான் மேலே நிற்கும். அதோடு மல்லுக்கட்டியே வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? படத்தில் இடப்பக்கத்து அலகு மேலே நின்றது. அடேயப்பா, இடது கைக்கென்றே செய்த கத்தரிக்கோல்! அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அதோடு எழுந்து போயிருக்கலாம். பாழாய்ப்போன கண் சும்மா இருந்தால்தானே? படத்தில் கதவருகே நின்ற ஓர் ஆளின் சட்டைக்குப் போயிற்று. பொத்தான்கள் அவன் இடப்பக்கம் இருந்தன. ஆண் சட்டைக்கு வலப்பக்கம், பெண் சட்டைக்கு இடப்பக்கம் என்பது தையல் கடையில் வளர்ந்த பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தைக்கிறவள் நொட்டாங்கை, சரி. கத்தரிக்கோலையும் சொல்லிச் செய்திருப்பாள், சரி. இந்த ஆளுக்கு எதற்குப் பெண் சட்டை? ஸ்லைடைத்தான் முன்பின்னாக மாற்றிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறார்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல எல்லாமே இடம் வலம் மாறிக் கிடக்கிறது. ஜன்னலோரத்தில் இடதுகைக்காரி என்று ஒருத்தி இருந்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டினாள். சிபாரிசு கைக்கு வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், இத்தனை வருஷம் தெரியாதது இன்னும் ஒரு வாரம் தெரியாமல் இருந்தால் குடியா முழுகிவிடும் என்றாள் அம்மா. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அம்மாவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மகள் மேடையேறினாள். கையில் எழுதிவைத்த தாள் இருந்தது, அதைப் படித்தால் போதும். படிக்கவில்லை. கத்தரிக்கோலைச் சொன்னாள், சட்டையைச் சொன்னாள், படம் தலைகீழ் இல்லை, இடம் வலம் மாறியிருக்கிறது என்றாள்.

பெரிய மேடம் எழுந்துபோய் ஸ்லைடை உருவினார். வெளிச்சத்தில் சாய்த்து, பிலிமின் பளபளப்பான பக்கம் எது, மங்கலான பக்கம் எது, எது முன்னால் இருக்கிறது என்று பார்த்தார். முகம் வாடிவிட்டது. முன்பு ஒருமுறை சட்டம் உடைந்ததாம். மாற்றி மாட்டியது தான்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, படத்தைத் திருப்பிப் போட்டார். திரையில் ஊசி வலது கைக்குப் போயிற்று. கத்தரிக்கோல் ஒழுங்காயிற்று, அந்த ஆளின் சட்டையும் ஆண் சட்டையாயிற்று. மூணு வருஷமாகத் தனக்குத் துணையாக இருந்தவளைத் தானே துரத்திவிட்டோமே என்று மேடையில் நின்றவளுக்கு அழுகை முட்டியது.

மேடம் மாணவிகள் பக்கம் திரும்பினார்.

"இந்தப் படத்துல இடதுகைக்காரி யாரும் இல்ல. படத்துக்கு எதிர்ல ஒருத்தி இருந்திருக்கா. நாமதான் கவனிக்கல."

சிபாரிசு அவளுக்கே கிடைத்தது. மேற்படிப்பு முடித்து அதே கல்லூரிக்குப் பாடம் எடுக்கவும் வந்துவிட்டாள். டிக்கெட் மாமன்கூட இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் என் மருமகள் கண்ணில் எதுவும் தப்பாது என்று பீற்றிக்கொள்கிறார்.

ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம், ஆய்வுரை முடிந்த சில நாளில் கடையில் நடந்தது. தையல் சாமான் விற்கிறவரிடம் சொல்லி அம்மா ஒரு கத்தரிக்கோல் வரவழைத்திருந்தாள். இடதுகைக் கத்தரிக்கோல். மகளிடம் கொடுப்பதற்கு முன் தன் வலது கையில் மாட்டி ஒரு துண்டுத் துணியை வெட்டிப் பார்த்தாள். வெட்டவில்லை. மறுபடியும் பார்த்தாள். கத்தரிக்கோல் துணியை மென்றது. கட்டைவிரல் சிவந்துபோயிற்று.

"எனக்கு வெட்டவே மாட்டேங்குதுடி" என்றாள் அம்மா. பிறகு, முன்பு துணி சுற்றிக் கட்டிய அந்தக் கையைப் பிடித்து இழுத்து அதில் கத்தரிக்கோலை வைத்தாள்.