பத்து மணிக்கு நூறு வரும்

இண்டர்நெட் ஆபீஸில் போன் எடுப்பவனை யாரும் நலம் விசாரிக்கக் கூப்பிடுவதில்லை. அங்கே திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தால், இங்கே போன் அடிக்கும். அந்த வட்டத்தை வெறித்துப் பார்த்து, மோடத்தின் மண்டையில் தட்டி, "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள். ஆகவே உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை.

ஓனர் தொண்டை

பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த கோடை அது. ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன கனெக்‌ஷன் ஆபீஸில் சேர்ந்தேன். ஸ்ரீரங்கத்தில் கொஞ்சம் வீடுகள், ஊரின் மறுகோடியில் எடமலைப்பட்டி புதூரில் கொஞ்சம் வீடுகள். ஓனரின் மாமியார் வீடு அங்கே இருந்ததால் லைனும் அங்கே போயிருந்தது. புகார் போன் எடுப்பது என் வேலை. காலையில் ஆபீஸைத் திறக்கும் சாவியும் என்னிடம்தான்.

கேட்ட குரலை அப்படியே பேசிக்காட்டுவேன். பள்ளிக்கூட மைக்கில் ஹெட்மாஸ்டர் குரலில் அரைநாள் லீவு விட்டவன் நான். ஓனர் குரல் அதைவிடச் சுலபம். தொண்டையில் உருளைக்கிழங்கு சிக்கிய மாதிரி, வாக்கியத்துக்கு வாக்கியம் முன்னால் ஒரு "ம்ம்ம்". அந்தக் குரலைக் கேட்டால் எந்தக் கஸ்டமரும் பாதியில் அடங்கிவிடுவார். ஒருநாள் ஓனரே பின்னால் நின்று கேட்டுவிட்டார். இன்னொரு தடவை நடந்தால் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமை எடமலைப்பட்டி புதூரிலிருந்து சுமதி அக்கா கூப்பிட்டார். சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம், ஆனால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லைனைச் சோதிப்பார்கள், வேகம் குறைந்தது ஐம்பது காட்ட வேண்டும். அவர் வீட்டிலோ இருபதுகூடக் காட்டவில்லை. ஓனரிடம்தான் பேசுவேன் என்றார். ஓனர் சாப்பிடப் போயிருந்தார். நான் தொண்டையில் உருளைக்கிழங்கை ஏற்றினேன். "ம்ம்ம்... சனிக்கிழமை பத்து மணிக்கு நூறு வரும்மா. என் பொறுப்பு."

"நீங்க சொன்னா போதுங்க சார். இல்லேன்னா பாப்பாவை எங்கம்மாகிட்ட விட்டுட்டு நான் சென்னை ஹாஸ்டலுக்குப் போகணும். அவ யூகேஜிதாங்க படிக்கிறா."

உருளைக்கிழங்கு அதற்குப் பிறகுதான் நிஜமாகவே தொண்டையில் சிக்கியது.

எட்டுப் பழச் சீப்பு

மறுநாள் தொட்டியத்துக்காரர் ஒருவர் கூப்பிட்டார். வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். மகன் படிப்பதற்காக ஸ்ரீரங்கத்தில் வீடு எடுத்திருந்தார். "லைனைச் சோதிச்சா நூறுன்னு காட்டுது. பையன் கம்ப்யூட்டர்ல படம் இறக்குறான், பன்னெண்டுன்னு காட்டுது. மீதி எண்பத்தெட்டு எங்க போச்சு?"

இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். சோதனையில் காட்டும் நூறு, பிட் கணக்கு. படம் இறக்கும்போது காட்டும் பன்னிரண்டு, பைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக, நூறும் பன்னிரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், யாரும் எதையும் திருடவில்லை. இதை அவர் பாஷையிலேயே சொன்னேன். "அண்ணே, சோதிக்கிறப்ப பழத்தை எண்ணிக் காட்டுது, படம் இறக்குறப்ப சீப்பை எண்ணிக் காட்டுது. ஒரு சீப்புக்கு எட்டுப் பழம்னு வெச்சுக்குங்க." புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"தம்பி, எட்டுப் பழத்துல சீப்பு போட்டா எங்க மண்டியில தூக்கிப் போட்டு மிதிப்பாங்க."

தேர் நகராத வீடு

புதன்கிழமை சித்திரைத் தேர். வெளியூர்க் கூட்டம் முழுக்க ஸ்ரீரங்கத்தில் இருந்தது. உள்ளூரில் முட்டி வலிக்காரர்கள் எல்லாரும் வீட்டில் உட்கார்ந்து செல்போனில் நேரலை பார்த்தார்கள். ஒரு வீதிக்கு வருகிற வேகம் ஒன்றுதான். அதை வீதி மொத்தமும் ஒரே நிமிஷத்தில் இழுத்தால் ஆளுக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். பார்ப்பவர் மோடத்திலிருந்து இரண்டு சுவர் தாண்டி உட்கார்ந்திருந்தால் அந்தக் கொஞ்சத்திலும் பாதி.

உத்திர வீதியிலிருந்து ஒரு மாமா கூப்பிட்டார். கொல்லைப்புற அறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். "அடியேன்" என்று அவர் ஆரம்பிக்க, "அடியேன், சொல்லணும்" என்று அதே குழைவில் நானும் ஆரம்பித்தேன். மோடம் இருக்கிற கூடத்துக்கு எழுந்தருளும்படி விண்ணப்பித்தேன். நான் குரல் காட்டுவதைக் கவனிக்கும் நிலையில் அவர் இல்லை.

"ஏன்டாப்பா, எதிராத்துல தேர் நகர்ந்து 'ரங்கா ரங்கா'ன்னு கோஷம் போட்டு முடிச்சாச்சு. எங்காத்துல பெருமாள் இன்னும் தேர்லயே எழுந்தருளலை!"

பீரோவுக்குப் பின்னால்

வியாழக்கிழமை லைன்மேன் பாஸ்கர் அண்ணன் பைக்கில் தொற்றிக்கொண்டு சுமதி அக்கா வீட்டுக்குப் போனேன். மோடம் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. பீரோவின் மேல் இரண்டு சூட்கேஸ். இவ்வளவு இரும்பையும் தாண்டி வைஃபை வந்ததே பெரிய விஷயம். மோடத்தை மேஜைக்குக் கொண்டுவந்து, லேப்டாப்பில் நேராக வயரைச் சொருகினேன். முப்பத்தைந்து வந்தது. அதற்கு மேல் நகரவில்லை.

பாஸ்கர் அண்ணன் கம்பத்திலிருந்த பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். பழைய பெட்டி, பதினாறு வீட்டுக்கும் அது ஒன்றுதான். விடிகாலையில் பார்த்தால் தொண்ணூறு வரும். கோடை லீவில் பிள்ளைகள் பத்து மணிக்குத்தான் எழுந்து, எழுந்ததும் கேம் இறக்குகிறார்கள். "மொட்டை மாடியில ஒரே டேங்க், பதினாறு குழாய். எல்லாக் குழாயையும் ஒண்ணாத் திறந்தா என்ன வரும்? நூறுன்னு எவன் சொன்னது?" என்றார். "உங்க ஓனர்தாங்க சொன்னாரு" என்றார் சுமதி அக்கா. யூகேஜி பாப்பா எங்கள் வயரைப் பிடித்துத் தாண்டி விளையாடிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவரா? அவரு எந்தக் கஸ்டமருக்கும் வாயைத் திறந்து ஒரு நம்பர் சொன்னதே இல்லையேம்மா!"

பதினைந்து போன்கள்

சனிக்கிழமை ஒன்பது மணி. பதினாறில் சுமதி அக்கா வீடு போக மீதி பதினைந்து. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, பதிவு செய்து வைத்த பெண்குரல் மாதிரியே பேசினேன். சிரிக்காமல் சிரிக்கிற மாதிரி இருக்குமே, அதே குரல். "வணக்கம். பராமரிப்புப் பணி காரணமாக, காலை பத்து மணி முதல் பத்தரை மணி வரை, தங்கள் மோடத்தை அணைத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

பதினாலு வீட்டில் "சரி" என்றோ எரிச்சலாகவோ வைத்துவிட்டார்கள். ஒரு அம்மா மட்டும் வைக்கவில்லை. ஊர் எது, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். பதிவுக் குரல் பதில் சொல்லக்கூடாது என்பதால் அதையே மூன்று தடவை திருப்பிச் சொன்னேன். கடைசியில் அணைத்துவிடுவதாக ஒப்புக்கொண்டார்.

"எவ்வளவு தன்மையாப் பேசுற! ஞாயித்துக்கிழமைகூட லீவு விடமாட்டாரே உங்க முதலாளி. காலையில சாப்பிட்டியாம்மா?"

சாவி

பத்தேகாலுக்கு ஆபீஸ் போன் அடித்தது. ஓனர் எடுத்துவிட்டார். ஸ்பீக்கரில் சுமதி அக்கா. "தொண்ணூத்தி நாலு வந்துச்சுங்க சார்! சொன்ன மாதிரியே செஞ்சுட்டீங்க. இனிமே தினமும் பத்துலேர்ந்து ஆறு வரைக்கும் இப்படியே இருந்தா போதுங்க. நான் ஊரை விட்டுப் போக வேண்டாம்."

தினமும். எனக்கு அது தோன்றவே இல்லை. நான் சனிக்கிழமையைத் தாண்டி யோசித்திருக்கவில்லை.

ஓனர் போனை வைத்தார். உடனே மறுபடி அடித்தது, அவர் மாமியார். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கமான பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார். "இங்க பொண்ணு யாரும் இல்லையே அத்தை" என்று சொல்லிக்கொண்டே ஓனர் என் பக்கம் திரும்பி, கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

என் சொந்தக் குரலில் "ஸாரிண்ணே" என்றேன். அது எனக்கே புதிதாக இருந்தது. அவர் பாஸ்கர் அண்ணனைக் கூப்பிட்டு, ஸ்டோரில் இருக்கும் புதுப் பெட்டியை எடுத்துப்போய், திங்கட்கிழமை காலைக்குள் அந்தக் கம்பத்தில் மாட்டச் சொன்னார். ஸ்ரீரங்கத்துக்கென்று வாங்கி வைத்திருந்த பெட்டி அது. அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ம்ம்ம்... இத்தனை வருஷமா நான் ஒருத்தருக்கும் நம்பர் சொன்னதில்லைடா. சொன்னா குடுக்கணும்."

ஆகவே நண்பர்களே, ஒரு திங்கட்கிழமை காலையில் உங்கள் வீட்டு வேகம் காரணமில்லாமல் கூடியிருந்தால், எவனோ ஒருத்தன் உங்கள் ஓனர் குரலில் வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று கொள்க.