கருவாடு மணத்த கடிதம்

பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்த என் மாணவி நிமிர்ந்தாள். "டீச்சர், எங்க தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஏது விலாசம்? என்னத்த எழுத?"

சட்டென்று எனக்குக் கருவாட்டு வாசம் அடித்தது.

நான் சிறுமியாக இருந்தபோது, எங்கள் தோட்ட ஆபீசுக்கு வரும் கடிதங்கள் வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அதனால் அக்கா தன் விண்ணப்பத்தில், கீழே ருவான்வெல்லை டவுனில் கருவாட்டுக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரான நானாவின் விலாசத்தை எழுதினாள். பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் நான் போய்க் கேட்பேன்.

"இன்னம் வரல்ல மகள்," என்பார் நானா.

ஒருநாள் வியாபார நேரத்திலேயே கடையைச் சாத்திவிட்டு, மூச்சிரைக்க அவரே கடிதத்தைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்தார். அக்காவுக்குக் கேம்பஸில் இடம் கிடைத்திருந்தது. அந்தக் கடிதத்தை அவள் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். ஒரு வாரம் வீடே கருவாடு மணத்தது. நாற்றம் என்று அம்மா ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை.

"டீச்சர்?"

"எங்க வீட்டு விலாசத்தப் போடும்மா. காயிதம் வந்தா, நானே தூக்கிக்கிட்டு ஓடியாறேன்."