ஒரு நாற்காலிக்கு இரண்டு வருஷம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை மொரப்பூர் ஸ்டேஷனில் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தோம். நான், என் மனைவி சுமதி, அவள் தங்கை வெண்ணிலா. சென்னையிலிருந்து வரும் ரயில் இருபது நிமிஷம் லேட். அதில் வரப்போகிறவரை எங்களில் ஒருவருமே பார்த்ததில்லை. ஒரு போட்டோகூடக் கிடையாது.

"எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறது?" என்று கேட்டேன்.

"இறங்கி நின்னு யாரையாவது தேடுவாங்க இல்லிங்க மாமா... அவங்கதான்" என்றாள் வெண்ணிலா. சொல்லிவிட்டு உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். நாலாவது தடவை.

இறங்கியவர்கள் ஏழெட்டுப் பேர்தான். கடைசியாக ஒரு அம்மா. எழுபது வயசிருக்கும். காட்டன் புடவை, தோளில் ஒரு துணிப்பை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. அவர் யாரையும் தேடவில்லை. நேராக வெண்ணிலாவிடம் வந்து, "நீதானேம்மா?" என்றார்.

 வெண்ணிலா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, துணிப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அந்த அம்மாவின் பெயர் சாரதா. வெண்ணிலாவை இரண்டு வருஷம் படிக்க வைத்தவர். உறவா? இல்லை. தெரிந்தவரா? அதுவும் இல்லை. அப்புறம் எப்படி? — கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் மாமனாருக்குப் பென்னாகரம் பக்கம் ஊர். கொஞ்சம் நிலம், இரண்டு பெண்கள். சின்னவள் வெண்ணிலா சேலத்தில் இன்ஜினியரிங் முடித்து, ஓசூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் உதிரிபாகம் வரைந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். டிசைனில் மேல்படிப்புக்கு, வடக்கே ஒரு பெரிய நிறுவனத்தில் இடம் கிடைத்திருக்கிறதாம்.

"டிசைன்னா... சேலைக்கா?" என்று கேட்டார் மாமனார்.

சிரிக்காதீர்கள். எனக்கும் அதுதான் தோன்றியது. வெளியே கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஃபீஸைக் கேட்டதும் மாமனார் எழுந்துவிட்டார். "நெலப் பத்திரத்த வெச்சு கடன் வாங்கி, நீ படம் வரையப் போறியா?" வெண்ணிலா என்னைப் பார்த்தாள். பத்திரிகையில் பத்தி எழுதுகிற மாமா, உலகம் தெரிந்தவர், நாலு வார்த்தை சொல்வார் என்று நம்பியிருக்கிறாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு வருஷம் பொறுத்துப் பாரும்மா." தப்பிக்க நினைக்கிறவன் சொல்கிற வசனம் இது. இத்தனை வருஷமாக உங்களுக்குப் புத்திமதி எழுதுகிற ஆளின் லட்சணம் இதுதான்.

அவள் பொறுக்கவில்லை. அந்த நிறுவனத்தில் சில ஃபெலோஷிப்கள் உண்டு, தனி மனிதர்கள் கொடுத்த நன்கொடையில் நடப்பவை. அதில் ஒன்றுக்கு எழுதிப்போட்டாள். அவர்கள் கேட்டது இரண்டே பக்கம். 'எந்தக் கஷ்டத்தைத் தீர்க்க நினைக்கிறீர்கள்?'

வெண்ணிலா எழுதியது சித்தேரி மலையைப் பற்றி. அங்கே ரோடு போய்ச் சேராத சிற்றூர்களில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், ஒரு மூங்கிலில் போர்வையைத் தொட்டில் மாதிரி கட்டி, ஆளை அதற்குள் படுக்க வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். கல்லூரி நாளில் தோழியின் ஊருக்குப் போனபோது அதை நேரில் பார்த்திருக்கிறாள். 'அந்தத் தொட்டிலைச் சரி செய்ய வேண்டும்' என்று எழுதியிருந்தாள்.

பதில் வந்தது. ஃபீஸ், ஹாஸ்டல் இரண்டும் அவர்கள் பொறுப்பு. மாதிரி செய்து பார்ப்பதற்கும், மலைக்குப் போய்வருவதற்கும் தனியாக ஒரு தொகை. படித்து முடித்து இன்ன இடத்தில் வேலை செய்ய வேண்டும் என்றெல்லாம் கையெழுத்துக் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை — அரை வருஷத்துக்கு ஒரு முறை நன்கொடையாளருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். மாமனார் அந்த லெட்டரை மூன்று பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்று பேரும் ஒரே மாதிரி படித்ததும்தான் நம்பினார்.

முதல் வருஷக் கடைசியில் வெண்ணிலா ஒரு நாற்காலியோடு வந்து இறங்கினாள். அலுமினியக் குழாய், பெரிய ஒற்றைச் சக்கரம், பார்க்க அவ்வளவு அழகு. அவளுடைய பேராசிரியர்கள் பாராட்டினார்களாம். மலைக்கு எடுத்துப்போனோம். நோயாளியாக நடிக்க ஒரு ஆள் வேண்டும் என்றாள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நடிப்பு வாய்ப்பு. உட்கார்ந்தேன்.

முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். ஐம்பதடி போயிருப்போம். இரண்டு கல்லுக்கு நடுவில் சக்கரம் மாட்டிக்கொண்டது. நாற்காலி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான் விழுந்தது முள்செடி மேல்.

தூக்கிவந்தவர்களில் சின்னராஜ் என்று ஒருவர். மலையில் சாமையும் ராகியும் விளைவிக்கிறவர், வெண்ணிலாவைவிட நாலைந்து வயசு பெரியவர். என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா இது ரோட்டுக்குச் செஞ்சதுங்க. ரோடு இருந்தா நாங்க எதுக்குங்க தூக்கறோம்?"

யாரையும் குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. உள்ளதைச் சொன்னார். வெண்ணிலா தலையை ஆட்டினாள். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் அழுதாள். அரூர் வரைக்கும் அழுதாள்.

"நான் படிப்ப வுட்டுடறேன் மாமா. அந்த அம்மாவுக்கு என்னன்னு லெட்டர் எழுதறது?"

"நல்லா போய்க்கிட்டிருக்குன்னு எழுதிடு. அவங்க என்ன மலைக்கா வந்து பார்க்கப் போறாங்க?" என்றேன்.

ஆமாம், நான்தான் சொன்னேன். எழுதக் கூசுகிறது. ஆனாலும் நடந்தது நடந்ததுதானே?

அவள் உண்மையை எழுதினாள். சக்கரம் மாட்டியதை, மாமா முள்ளில் விழுந்ததை, சின்னராஜ் சொன்னதை... ஒன்று விடாமல். படிப்பை விடலாமா என்று யோசிப்பதையும் எழுதினாள். பத்து நாளில் பதில் வந்தது, கையால் எழுதியது. 'சரியாக வராததை எழுதியதற்கு நன்றி. எல்லாம் நன்றாகப் போகிறது என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். அடுத்த தடவை மலையில் கொஞ்சம் அதிக நாள் தங்கிப் பாருங்கள். உங்கள் மாமாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?'

முள் குத்தியதைவிட அந்தக் கடைசி வரி நன்றாகக் குத்தியது.

வெண்ணிலா ஆறு வாரம் மலையில் தங்கினாள், பழனியம்மா என்கிற பெண்ணின் வீட்டில். பழனியம்மாவை இரண்டாவது பிரசவத்துக்கு அந்தப் போர்வைத் தொட்டிலில்தான் இறக்கினார்களாம். "வலிகூடத் தாங்கிக்கிட்டேங்க. எங்க போறோம், இன்னும் எவ்ளோ தூரம் இருக்குதுன்னு தெரியாம ஆகாசத்தயே பாத்துக்கிட்டுப் போனது இருக்குது பாருங்க... அதான் பயம்" என்று சொல்லியிருக்கிறாள்.

எந்தப் புத்தகத்தில் இருக்கிறது இது? எந்த லேபில் தெரியும்?

அடுத்து அவள் செய்த நாற்காலியில் சக்கரம் இல்லை, அலுமினியமும் இல்லை. மலையிலேயே வெட்டிக்கொள்ளும் இரண்டு மூங்கில். நடுவில் தடித்த பட்டைத் துணியில் ஒரு இருக்கை. நோயாளி சாய்ந்து உட்கார்ந்து, போகிற வழியைப் பார்த்துக்கொண்டே வரலாம். தூக்குகிறவர்கள் தோளுக்கு மெத்தை வைத்த பட்டி. மூங்கிலைத் தவிர மற்றதெல்லாம் ஒரு பையில் மடிந்துவிடும். தைத்துக்கொடுத்தவர் அரூரில் ஒரு டெய்லர். சின்னராஜ் நாலு தடவை அதில் குறை சொன்னார். ஐந்தாவது தடவை வாங்கி வீட்டுக்குள் மாட்டி வைத்துக்கொண்டார்.

போன மழைக்காலத்தில் ஒரு காலையில் வெண்ணிலாவுக்கு போன். அரூர் ஆஸ்பத்திரியிலிருந்து சின்னராஜ். பழனியம்மாவின் தம்பி மனைவியைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள், கொட்டுகிற மழையில்.

"பொண்ணு பொறந்திருக்குதுங்க. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. உங்க சேர்தான் நனைஞ்சு போச்சு, காய வெச்சிருக்கோம்."

வெண்ணிலா போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டாள். இதை சாரதா அம்மாவுக்கு எழுதியபோதுதான், அவர் முதல் முறையாக 'வந்து பார்க்கலாமா?' என்று கேட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். காரில் மலை ஏறும்போது, இத்தனை நாளாக என் வாயில் நின்ற கேள்வியை சாரதா அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "டாக்டருக்குப் படிக்க வைக்கறாங்க, இன்ஜினியருக்குப் படிக்க வைக்கறாங்க... நீங்க ஏங்க டிசைனுக்கு?"

"என் வீட்டுக்காரருக்குக் கடைசியில கை விரல் மடங்காது" என்றார். "மாத்திரை டப்பா மூடியைத் திறக்க முடியாது. தினம் மூணு வேளை என்னைக் கூப்பிடணும். பெரிய மனுஷர், நூறு பேரை வேலை வாங்கினவர். நோயைவிட அப்படிக் கூப்பிடறதுதான் அவருக்கு அவமானமா இருந்தது. அந்த மூடியையும் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து வரைஞ்சுதானே இருக்கணும்? அப்படி வரைஞ்சவருக்கு இன்னும் கொஞ்சம் நேரமும், கேட்டுப் பார்க்க நாலு மனுஷங்களும் கிடைச்சிருந்தா நல்லா வரைஞ்சிருப்பார்னு தோணுச்சு."

ஃபெலோஷிப் என்றால் ஃபீஸ் கட்டுவது என்று நினைத்திருந்தேன். அது பாதிதான். கடன் தலைக்கு மேல் இல்லாததால்தான், கிடைத்த வேலைக்கு ஓடாமல் வெண்ணிலாவால் ஆறு வாரம் மலையில் உட்கார முடிந்தது. ஒரு தடவை தோற்றுவிட்டு மறுபடி செய்ய முடிந்தது. முகம் தெரியாத ஒருவர் இவளுக்குக் கொடுத்தது அந்த நேரத்தைத்தான். நான் 'பொறுத்துப் பார்' என்று வாயால் சொன்னேன். அவர் பொறுத்துக்கொண்டார்.

ரோடு முடிகிற இடத்தில் இறங்கி நடந்தோம். பாதி வழியில் சாரதா அம்மாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. எதிரே வந்த சின்னராஜ், "சேர் எடுத்தாரட்டுங்களா?" என்றார்.

"வேண்டாம்ப்பா. அது முடியாதவங்களுக்குச் செஞ்சது. நான் இங்கேயே இருக்கேன்" என்று ஒரு பாறை மேல் உட்கார்ந்துவிட்டார்.

அதனால் ஊர் இறங்கி வந்தது. பழனியம்மா வந்தாள். அவள் தம்பி மனைவி வந்தாள், இடுப்பில் அந்தக் குழந்தை. சேரைப் பிரித்துக் காட்டினார்கள். சாரதா அம்மா ஒவ்வொரு தையலாகத் தடவிப் பார்த்தார். "இதை இன்னும் நிறைய செய்யலாமேம்மா?" என்று கேட்டார்.

"செய்யலாங்கம்மா. ஆனா சீக்கிரம் ரோடு வந்து இது தேவையில்லாம போயிடணும். அதான் எனக்கு ஆசை" என்றாள் வெண்ணிலா. எனக்கென்னவோ, அவள் படித்து முடித்துவிட்டாள் என்று அப்போதுதான் தோன்றியது.

பழனியம்மாவுக்கு மட்டும் ஒரு விஷயம் பிடிபடவில்லை. "நீங்க இந்தப் பொண்ணுக்கு என்ன சொந்தம்ங்க?" என்று கேட்டாள்.

சாரதா அம்மா யோசித்தார். "சொந்தமெல்லாம் இல்லம்மா. இவ எழுதற லெட்டரைப் படிக்கறவ."

பழனியம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. "அப்படின்னா சாப்ட்டுதான் போவணும்" என்றாள். பாறை மேலேயே இலை போட்டு, சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் வந்தன.

நான் எழுதுவதை வாராவாரம் படிக்கிற உங்களுக்கும் எனக்கும் அதே சொந்தம்தான். என்ன... சோறுதான் இன்னும் போடவில்லை.